படைவீரரிடம் துப்பாக்கியைப் பற்றி எப்படிப் பேசுவது? அடிக்கடி வரும் கேள்விகள்

அமெரிக்காவில் ராணுவ மருத்துவமனைகளிலும், முன்னாள் படைவீரர்களைப் பார்த்துக்கொள்ளும் வி.ஏ. மருத்துவமனைகளிலும் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். டாக்டர், நர்ஸ், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் என்று எல்லா இடத்திலும் ஒரு தமிழ்க் குரல் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் தூக்கம் வரவில்லை, வாழ்க்கை வெறுத்துவிட்டது என்கிறார், ஆனால் "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று அவரிடம் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. நானும் இதே வேலையில் இருப்பதால் புதிதாக வருகிறவர்களும், படையில் பிள்ளை இருக்கும் சில பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

இப்போதே உங்களுக்கோ உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம். அமெரிக்காவில் 988-ஐ அழைத்து, படைத் தொடர்பு உள்ளவர் என்றால் 1-ஐ அழுத்துங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.

மருந்து கொடுக்கிறோம், ஆலோசனை சொல்கிறோம். துப்பாக்கியை வேறு ஏன் இழுக்க வேண்டும்?

ஆள் உயிரோடு இருந்தால்தானே மருந்து வேலை செய்யும். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும், ஆலோசனைக்கு அதைவிட அதிகம். அந்த வாரங்களை அவர் கடந்து வர வேண்டும்.

அமெரிக்காவில் 2022-இல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நாளுக்குச் சராசரியாகப் பதினேழு பேருக்கு மேல். அவர்களில் 73.5 சதவீதம் பேர் துப்பாக்கியால் இறந்தவர்கள். படைக்குப் போகாத மற்றவர்களிடையே இந்தப் பங்கு பாதிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பணியில் இருக்கும் வீரர்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ராணுவம் கொடுத்த ஆயுதமாகத்தான் இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்கிக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிதான்.

இன்னொன்று, நேரம். ஆஸ்திரியாவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் "அந்த எண்ணம் வந்ததிலிருந்து செயலில் இறங்கும்வரை எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்ன பதில் பத்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. மாதக்கணக்கில் மனதுக்குள் புழுங்கியிருக்கலாம், ஆனால் கை நீளும் அந்த நேரம் அவ்வளவு குறுகியது. மற்ற பல முயற்சிகளில் மனம் மாறவோ, யாராவது வந்து கதவைத் தட்டவோ, ஆம்புலன்ஸ் வரவோ இடம் இருக்கிறது. துப்பாக்கியில் அந்த இடம் கிடையாது. அதே சமயம், ஒரு முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டவைத்தால் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள் என்பதால்தான் இந்தப் பேச்சே.

துப்பாக்கி கிடைக்காவிட்டால் வேறு வழி தேடிக்கொள்ள மாட்டாரா?

எல்லோரும் கேட்கிற கேள்வி, சீனியர் டாக்டர்கள் உட்பட. கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நடந்ததைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இஸ்ரேல் ராணுவத்தில் வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே போவார்கள். 2006-இல் அதை மாற்றி, துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மனநல மருத்துவத்தில் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, சும்மா ஒரு நிர்வாக உத்தரவு. தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைந்ததும் வார இறுதியில்தான், வார நாட்களில் பெரிய மாற்றமில்லை. வேறு வழி தேடியிருந்தால் சனி ஞாயிறில் வேறு வழியில் அந்த எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும், அல்லது திங்கள் செவ்வாய்க்கு நகர்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது, அதுவும் படையினரிடமிருந்தே வந்த பதில்.

சுவிட்சர்லாந்தில் 2003-இல் ராணுவத்தை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கினார்கள். அங்கே வீரர்கள் ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பது வழக்கம். அதனால் வீடுகளில் இருந்த ராணுவத் துப்பாக்கிகளும் குறைந்தன. அந்த வயது ஆண்களிடையே தற்கொலையும் குறைந்தது. கொஞ்சம் பேர் வேறு வழிக்குப் போனார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் அது குறைந்த எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

இலங்கையை நம்மவர்களுக்கு நினைவுபடுத்தவே வேண்டாம். 1995 வாக்கில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் அது ஒன்று, லட்சத்துக்கு 47 பேர். கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995-இலும் 1998-இலும் தடைசெய்தார்கள். 2005-க்குள் விகிதம் பாதியாக இறங்கிவிட்டது. நாட்டில் போர், சுனாமி, கஷ்டம் எதற்கும் குறைவில்லாத காலம் அது. மனசு மாறியதால் வந்த குறைவு இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மாறியதால் வந்த குறைவு.

நாம் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்தது போல் ஆகாதா?

ஆகாது. நேரடியாகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் வருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே" என்ற முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சட்டப்படி கேட்கலாமா? ராணுவத்தில் தடை இருக்கிறது என்றார்களே?

இருந்தது. 2011 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில், வீரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி ராணுவம் தகவல் சேகரிக்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். கமாண்டர்களும் மருத்துவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். 2013 நிதியாண்டுச் சட்டத்தில் அதைத் திருத்தினார்கள். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்வார் என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால் மனநலப் பணியாளரும் கமாண்டரும் கேட்கலாம். ஆனாலும் பழைய தடையின் வாசனை இன்னும் போகவில்லை, "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்லும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வெளி மருத்துவமனைகளுக்கு வந்தால், புளோரிடாவில் 2011-இல் டாக்டர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதற்கே கட்டுப்பாடு போட்டு ஒரு சட்டம் வந்தது. அதன் முக்கியப் பகுதிகளைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் தள்ளிவிட்டது. ஆக, நோயாளியின் பாதுகாப்புக்காகக் கேட்பதை எதுவும் தடுக்கவில்லை.

எல்லோரிடமும் கேட்க வேண்டுமா?

"ஆமாம், சாக நினைக்கிறேன்" என்று சொல்பவரிடம் மட்டும் கேட்டால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.கியூ-9 படிவத்தில், சாகும் எண்ணம் உண்டா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போகத் தெரிந்தவர்கள் இவர்கள். "இருக்கிறது" என்று எழுதினால் வேலைக்கு என்ன ஆகும் என்ற கணக்கு உள்ளே ஓடும்.

நான் பார்ப்பது சூழ்நிலையை. விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறதா, குழந்தையைப் பார்க்க முடியாத நிலையா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது தலைக்கு மேல் தொங்குகிறதா, படையிலிருந்து வெளியே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையா, ஓயாத முதுகுவலியா, நாலு மணி நேரம்கூடத் தூங்காதவரா, சாயங்காலம் ஆனால் பாட்டிலைத் திறப்பவரா. குடி இதில் தனி ஆபத்து. தெளிவாக இருக்கும்போது நிறுத்திவைக்கும் கை குடித்த பிறகு நிறுத்திவைக்காது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் நான் கேட்டுவிடுவேன், அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தாலும் சரி.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில், கேள்வியைப் படிவத்திலிருந்து வாசிக்காதீர்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டால் எதிரே இருப்பவருக்கு அது விசாரணை. இல்லை என்று சொல்லிவிடுவார், கதை முடிந்தது.

நான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பேசுவேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் துப்பாக்கி இருக்கிறது, அதனால் இது ஒன்றும் குருட்டு யூகமில்லை. பேச்சு இப்படிப் போகும்:

"நான் பார்க்கிற நிறையப் பேர் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். மனசு ரொம்ப மோசமாக இருக்கும் நாட்களில் அதைக் கொஞ்ச நாளைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்வது சிலருக்கு உதவியிருக்கிறது. நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?"

"சேஃபில்தான் இருக்கிறது டாக்டர்."

"எல்லாமுமா?"

கொஞ்ச நேரம் பேச்சே வராது. அப்புறம், "ஒன்று மட்டும் கட்டில் பக்கத்தில்."

இந்த "எல்லாமுமா" என்ற சின்னக் கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். வேட்டைத் துப்பாக்கிகள் ஆறும் சேஃபில் பத்திரமாக இருக்கும், தோட்டா போட்ட கைத்துப்பாக்கி ஒன்று தலையணைப் பக்கத்திலோ காரின் முன்பெட்டியிலோ இருக்கும். நமக்குக் கவலை அந்த ஒன்றைப் பற்றித்தான். அடுத்தது, "அந்த எண்ணம் வரும்போது எதைப் பற்றி யோசிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் மனதில் இருக்கும் ஆயுதம் எது என்று அவரே சொல்வார். முதலில் தள்ளிவைக்க வேண்டியது அதுதான்.

பிறகு முடிவை அவர் கையில் கொடுங்கள். "இந்த இரண்டு மாதத்துக்கு உங்களுக்கு எது சரிப்படும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். படையில் பத்து வருடம் ஆயுதத்தைக் கையாண்டவருக்குப் பாதுகாப்பு விதிகளை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர் நண்பர்கள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருப்பவர். குடித்த நண்பனிடமிருந்து கார் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதைப் போலத்தான் இது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதை அவர்களே தங்கள் பிளட்டூன் ஆட்களுக்குச் செய்திருப்பார்கள்.

எதைச் சொல்லக் கூடாது?

"ஒப்படையுங்கள்", "கட்டுப்பாடு", "பறிமுதல்" இந்த மாதிரி வார்த்தை ஒன்று விழுந்தால் போதும், பேச்சு துப்பாக்கி அரசியலுக்குப் போய்விடும். அமெரிக்காவில் அந்த வாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை, கிளினிக் அறையில் சத்தியமாக ஜெயிக்க முடியாது. உங்களுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும் அதை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். "துப்பாக்கி வைத்திருப்பது ஆபத்து என்று ஆய்வுகள் சொல்கின்றன" என்று தொடங்கும் டாக்டரிடம் அவர் அடுத்த முறை வர மாட்டார். நாம் பேசுவது அவருடைய துப்பாக்கி எங்கே தூங்க வேண்டும் என்பதைப் பற்றி, அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

நான் மதுரைப் பக்கம் வளர்ந்தவள். துப்பாக்கியைச் சினிமாவிலும் பேங்க் வாசல் செக்யூரிட்டியிடமும்தான் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் என்ன பேசுவது?

தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாதீர்கள், அது ஒன்றுதான் விதி. "எனக்கு இதில் பழக்கமில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்றால் அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், பேச்சும் அங்கேயே இளகிவிடும். ஆனால் நாலைந்து அடிப்படை தெரிந்திருப்பது நல்லது. கைத்துப்பாக்கியில் இரண்டு ரகம், சுழலும் உருளையில் தோட்டா இருப்பது ரிவால்வர், கைப்பிடிக்குள் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிய சின்னப் பெட்டி, போவது பிஸ்டல். மேகசினை எடுத்துவிட்டாலும் சேம்பரில், அதாவது சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். "காலியாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவரிடம் "சேம்பரையும் பார்த்தீர்களா?" என்று கேட்டால் உங்கள் மேல் மரியாதை ஒரு படி ஏறும். முடிந்தால் ஒருநாள் துப்பாக்கிக் கடைக்குப் போய்ப் பூட்டுகளை மட்டுமாவது பாருங்கள். கடைக்காரர்கள் பலர் இந்த விஷயத்தில் நம்மைவிட அக்கறையானவர்கள். நியூ ஹாம்ஷயரில் 2009-இல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய கொஞ்ச நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதிர்ந்துபோன கடைக்காரரும் பொதுச் சுகாதார ஆட்களும் சேர்ந்துதான் துப்பாக்கிக் கடைகள் வழியாகத் தற்கொலையைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது.

எந்தப் பூட்டு நல்லது?

அவர் உண்மையிலேயே பூட்டப்போகிற பூட்டு நல்லது. என் மேசை இழுப்பறையில் எப்போதும் நாலைந்து கேபிள் பூட்டு கிடக்கும், வி.ஏ. இலவசமாகத் தருகிறது, கேட்டால் கை நிறையக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி, ஒரு முனையில் சின்னப் பூட்டு. பிஸ்டல் என்றால் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டாக் கூடு வெளியே தெறிக்கும் துளை வழியாகக் கம்பியை விட்டு, மேகசின் போகும் வழியாகக் கீழே எடுத்துப் பூட்ட வேண்டும். ரிவால்வர் என்றால் உருளையைத் திறந்து அதன் வழியாக. கம்பி உள்ளே இருக்கும்வரை தோட்டா ஏறாது, ஸ்லைடும் மூடாது.

பெரிய கட்டர் வைத்தால் கம்பியை வெட்டிவிடலாமே என்பார்கள். வெட்டலாம். கட்டரைத் தேடி, வெட்டி, தோட்டாவைத் தேடி, போட வேண்டும். அந்தச் சில நிமிடத்தைத்தான் நாம் வாங்குகிறோம்.

விரலை வைத்தால் திறக்கும் சின்னப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். குழந்தை எடுத்துவிடாமல் இருக்க அவை அருமை. ஆனால் ஆபத்தில் இருப்பவர் அவரேதான் என்றால் அவர் விரலுக்கே திறக்கிற பெட்டியால் பெரிய பயன் இல்லை. அப்போது சாவி அல்லது எண் வேறொருவரிடம் இருக்க வேண்டும். மனைவி சேஃபின் எண்ணை மாற்றிவைக்கலாம், நண்பர் கேபிள் பூட்டின் சாவியைக் கொண்டுபோகலாம். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு போல்ட்டையோ ஸ்லைடையோ மட்டும் கழற்றி நண்பரிடம் கொடுப்பவர்களும் உண்டு. துப்பாக்கியை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களுக்கு இது நன்றாகப் பிடிக்கிறது. தோட்டாவை மட்டும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதும் ஒரு படிதான்.

வீட்டுக்கு வெளியே எங்கே வைக்கலாம்?

பணியில் இருப்பவர், முகாமுக்குள் இருப்பவர் என்றால் யூனிட்டின் ஆயுதங்களைப் பூட்டிவைக்கும் ஆர்ம்ஸ் ரூம். பேரக்ஸில் தங்குபவர்கள் சொந்தத் துப்பாக்கியை அங்கேதான் வைத்தாக வேண்டும். வெளியே வீடெடுத்துத் தங்குபவரும் கேட்டால் பல யூனிட்டுகள் வாங்கி வைக்கின்றன. ஆனால் "ஏன் கொண்டுவந்தாய்?" என்ற கேள்விக்குப் பயந்து வர மாட்டார்கள், அது தெரிந்த கதை.

மற்றவர்களுக்கு முதல் தேர்வு நம்பிக்கையான நண்பரோ அண்ணன் தம்பியோ. சில துப்பாக்கிக் கடைகளும் சுடும் பயிற்சிக் கூடங்களும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வைத்துக்கொள்கின்றன. கொலராடோவில் 2019-இல் இப்படி வைத்துக்கொள்ளும் இடங்களின் வரைபடத்தை இணையத்தில் போட்டார்கள், பிறகு வேறு மாநிலங்களும் செய்தன. ஒரு எச்சரிக்கை: சில மாநிலங்களில் துப்பாக்கியை நண்பரிடம் கொடுப்பதற்கே பின்னணிச் சோதனை வேண்டும், சிலவற்றில் தற்கொலை ஆபத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் மாநிலச் சட்டத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

"உங்களிடம் சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று பயப்படுகிறாரே?

இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். பலர் சிகிச்சைக்கே வராததற்குக் காரணம் இதுதான். உண்மை நிலவரத்தை அப்படியே சொல்லுங்கள். துப்பாக்கி இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதால் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது. தானாக வந்து ஆலோசனை பெறுவதாலோ, தானாக மருத்துவமனையில் சேருவதாலோ கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி உரிமை போகாது. அதிகாரபூர்வமாகக் கட்டாயச் சேர்க்கை நடந்தாலோ, நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலோதான் போகும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். கலிபோர்னியாவில் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்தாலே ஐந்து வருடத் தடை. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஆபத்து இருக்கிறது என்று குடும்பத்தாரோ போலீஸோ மனுப் போட்டு நீதிமன்றம் வழியாகத் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்கவும் வழி உண்டு.

அதனால்தான் "நீங்களாகவே இப்போது தள்ளிவைத்தால், நிலைமை அந்த அளவுக்குப் போகாது" என்று சொல்ல முடிகிறது. மிரட்டலாக இல்லாமல் சொல்ல வேண்டும். உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி என்று பார்த்தால் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

கமாண்டருக்குத் தெரிந்துவிடுமா?

பணியில் இருப்பவர் என்றால், மனநலச் சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காகக் கமாண்டரிடம் சொல்வதில்லை, அதுதான் பொது விதி. தனக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து என்றால் விதிவிலக்கு, அப்போது சொல்லியாக வேண்டும். இதை மறைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள், பிறகு தெரிந்தால் அவர் யாரையும் நம்ப மாட்டார். 2023-இலிருந்து நடைமுறைக்கு வந்த பிராண்டன் சட்டத்தின்படி, காரணம் சொல்லாமலேயே மேலதிகாரியிடம் "எனக்கு மனநலப் பரிசோதனை வேண்டும்" என்று கேட்க வீரருக்கு உரிமை உண்டு. இதைத் தெரியாதவர்களே அதிகம்.

"வீட்டைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறேன்" என்றால் என்ன சொல்வது?

போரைப் பார்த்தவருக்கு ராத்திரி சத்தம் கேட்டால் கை துப்பாக்கியைத் தேடுவது ஆச்சரியமில்லை. "வீட்டில் திருடன் வருவதற்கு வாய்ப்பே இல்லை" என்று புள்ளிவிவரம் சொல்லி வாதாடாதீர்கள். "எதிலிருந்து காக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், பாதி நேரம் அங்கேதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. அப்புறம் வாசலில் கேமரா, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், நாய், அலாரம் என்று மாற்று ஏற்பாடுகளை அவரோடு சேர்ந்து யோசிக்கலாம். ஒருவர் நாயை வாங்கி வந்துவிட்டு "டாக்டர், இது என்னைவிட நன்றாகத் தூங்குகிறது" என்றார்.

மனைவியாக, அம்மாவாக நான் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம், டாக்டரைவிட அதிகமாகவே. பெண்ணையோ பையனையோ அமெரிக்கப் படைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் துப்பாக்கி இருப்பதே தெரியாமல் இருக்கும் தமிழ்ப் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். "எங்கே வைத்திருக்கிறாய்ப்பா, பூட்டித்தானே வைத்திருக்கிறாய்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், திட்ட வேண்டாம். ஆபத்து என்று பட்டால் அவருக்குத் தெரியாமல் துப்பாக்கியை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்த இடத்தை அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், நம்பிக்கையும் போய்விடுகிறது. கையாளத் தெரியாவிட்டால் நீங்கள் தொடவே தொடாதீர்கள். அவருடைய படை நண்பர் ஒருவரைக் கூப்பிடுங்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர் பழைய சார்ஜென்ட் சொன்னால் கேட்பார். துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலும் படையினரும் போலீஸும்தான் நம்பகமானவர்கள் பட்டியலில் மேலே வருகிறார்கள், டாக்டர்கள் கொஞ்சம் கீழேதான்.

ஒரு தடவை பேசினால் பலன் இருக்குமா?

மிசிசிப்பி மாநிலத்தின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டு வீரர்களிடம் 2018 முதல் 2020 வரை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு உரையாடல், சிலருக்கு அதோடு கேபிள் பூட்டு. மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும், பேசியவர்கள் மற்றவர்களைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், வி.ஏ.வின் அவசரப் பிரிவுகளில், எண்ணம் வரும்போது என்ன செய்வது, யாரை அழைப்பது என்ற பாதுகாப்புத் திட்டத்தை நோயாளியோடு சேர்ந்து எழுதி, பிறகு போனில் தொடர்ந்து விசாரித்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சிகள் உள்ளிட்ட நடத்தைகள் ஏறக்குறைய 45 சதவீதம் குறைவாக இருந்தன என்று 2018-இல் வெளியிட்டார்கள். அந்தப் போன்தான் முக்கியம் என்பது என் எண்ணம். "சரி டாக்டர், செய்கிறேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து "கொடுத்துவிட்டீர்களா? யாரிடம்?" என்று கேட்பவர் இருந்தால்தான் செய்வார்கள்.

எதற்கும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

சின்னதாக இறங்குங்கள். துப்பாக்கியைக் கொடுக்க மாட்டாரா, தோட்டாவை? அதுவும் இல்லையா, குடிக்கும் நாளில் மட்டும் பூட்டுவாரா? இல்லையென்றால் கேபிள் பூட்டை மட்டும் பையில் போட்டுக்கொடுங்கள். அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். ஆனால் இன்றைக்கே செய்யப்போகிறேன் என்ற திட்டத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேரம் எல்லாம் கிடையாது. தனியே விடாமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். தகுதியுள்ள முன்னாள் படைவீரர்களுக்கு இந்த அவசரச் சிகிச்சை 2023 ஜனவரியிலிருந்து வி.ஏ.விலும் வெளி மருத்துவமனையிலும் இலவசம், வி.ஏ.வில் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 988-ஐ அழைத்துப் பேசப் பிடிக்காத படைவீரர்கள் 838255-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

எப்போது திருப்பிக் கொடுப்பது?

இதைக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் நண்பர் வீட்டு வாசலில் சங்கடம். யாரிடம் இருக்கிறது, எதெல்லாம், என்ன நடந்தால் திருப்பித் தரலாம் என்று மூன்று வரி எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும். "நன்றாகத் தூங்க ஆரம்பித்து, எண்ணம் வராமல் ஒரு மாதம் போன பிறகு, டாக்டரைப் பார்த்துவிட்டு" என்கிற மாதிரி. ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு வந்து கேட்டால் தர மாட்டேன் என்பதையும் நண்பர் அப்போதே சொல்லிவிடட்டும். திருப்பித் தரும்போது முதலில் வேட்டைத் துப்பாக்கிகள் போகட்டும், கட்டில் பக்கத்தில் இருந்த அந்த ஒன்று கடைசியாக, பூட்டோடு சேர்ந்தே போகட்டும்.